புதுக் கோர்ட்டுச் சுவரில் மூன்று கோடு

இன்று காலை பக்கத்து வீட்டில் புதுச் சுவருக்குத் தண்ணீர் அடித்தார்கள். நனைந்த செங்கல் வாசம் வந்ததும் நோட்டை எடுத்துவிட்டேன். எழுபது வயதுக்கு மேல் எழுதப் பழகிய கை இது. உனக்கு எழுதும் முதல் கடிதம். ஒரு வரிக்கு ஒரு வெற்றிலை போடும் நேரம் ஆகிறது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறது.

நமக்குக் கல்யாணமான புதிதில்தான் தஞ்சாவூரில் புதுக் கோர்ட்டுக் கட்டினார்கள். கோடையில் ஆறு மணலாய்க் கிடக்கும், ஊரில் வேலை இருக்காது. நான் சாரம் கட்டினேன். நீ சித்தாளாகக் கலவை சுமந்தாய். ஆனியில் தண்ணீர் வந்த சேதி கேட்டதும் போட்டது போட்டபடி வேலையாட்கள் எல்லோரும் நாற்றங்காலுக்கு ஓடிவிடுவோம்.

"மேட்டூர்ல கதவைத் தூக்கினா எனக்கு இங்க சாரம் காலியாயிடுது" என்று மேஸ்திரி திட்டுவார்.

"சோறு திங்காமலா கோர்ட்டுக் கட்டுவீங்க?" என்பாய். அவர் சிரித்துவிடுவார்.

ஜன்னல் மட்டத்தில் ஒருமுறை, அதற்கு மேல் ஒருமுறை, மாடியில் ஒருமுறை என்று மூன்று ஆனியில் வேலை நின்றது. அடுத்த கோடை வரை மழையில் கிடந்து வேலை நின்ற இடத்துச் செங்கல் வரிசை கருத்துப்போகும். பூசாத செங்கல் சுவர் என்பதால் கோடுகள் அப்படியே தெரிந்தன.

அதே கட்டடத்துக்கு நம் குத்தகை வழக்கு வந்தது. நாம் பயிரிட்ட ஒன்றரை ஏக்கரிலிருந்து நம்மை வெளியேற்ற மிராசுதார் போட்டது. குத்தகை நெல் அளந்ததற்கு நம்மிடம் ரசீது இல்லை.

"இவங்க மூணு வருஷமா இங்கதான் கட்டட வேலை பார்த்தாங்க. நிலத்துல கால் வைக்கல" என்றார் அவருடைய வக்கீல். கூண்டில் நின்ற நீ, ஜன்னலுக்கு வெளியே தெரிந்த, அதே கோர்ட்டின் எதிர்ச் சுவரைக் காட்டினாய்.

"அய்யா, அந்தச் செவுத்துல கருப்பாக் கோடு தெரியுதுங்களா? தண்ணி வந்து நாங்க நடவுக்குப் போன எடம் அது. மூணு வருஷம், மூணு கோடு. இங்கேயே கெடந்திருந்தா செவுரு ஏறிக்கிட்டேல்ல போயிருக்கும்?"

"செவுரையும் சாட்சிக்குக் கூப்பிடலாமா?" என்று வக்கீல் சிரித்தார். நீதிபதி சிரிக்கவில்லை. எழுந்துபோய் ஜன்னலோரம் நின்று பார்த்தார். நிலம் நமக்கே நின்றது.

தீர்ப்பு நகலைக் கொடுத்த குமாஸ்தா "ஜெயிச்சாச்சு" என்று மட்டும் சொன்னார். மடித்துப் பெட்டியில் வைத்தோம். நீ போய்ப் பன்னிரண்டு வருஷம் கழித்து, போன வாரம்தான் அதை எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தேன். நான்காம் பக்கத்தில் நீ இருக்கிறாய். "இந்தச் சாட்சி எழுதப் படிக்கத் தெரியாதவர். இவர் சொல்வதை நம்ப மறுக்க எந்தக் காரணமும் இல்லை."

நேற்று நம் வயலில் நடவு. வரப்பில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அந்த வரியைச் சத்தமாகச் சொன்னேன். "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று நீ கேட்டிருப்பாய். இன்னொரு தடவையும் சொன்னேன்.