சிஸ்டர் ரெஜினா இருக்காங்களா?

கோழிக்கோடு
21.6.1998

என் ரெஜிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். பெட்டியைக்கூட இன்னும் முழுதாகப் பிரிக்கவில்லை, அதற்குள் ஐ.சி.யு.வில் வென்டிலேட்டர்களைப் பார்த்துக்கொள்ள இரவு டியூட்டி போட்டுவிட்டார்கள்.

படிப்பு முடிந்த அன்று விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு வேலைகளையும் கத்திரிக்காய் மாதிரி தூக்கிப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? இங்கே சம்பளம் அதிகம், ஆனால் பன்னிரண்டு மணி நேர வேலை, பதினைந்து நாள் சேர்ந்தாற்போல் இரவு. உன் மடத்து ஆஸ்பத்திரியில் இதில் பாதிதான், ஆனால் எட்டு மணி நேரம். "பணம் போனா வரும்டி, தூக்கம் போனா வராது" என்றாய். தங்கையைப் படிக்கவைக்க வேண்டிய எனக்கு அந்த வசனம் கட்டுப்படியாகவில்லை.

வேடிக்கையைப் பார். வயநாட்டுக்காரி நீ என் ஊர்ப்பக்கம் போய் உட்கார்ந்திருக்கிறாய். சங்கனாச்சேரிக்காரி நான் உன் மலைக்குக் கீழே கிடக்கிறேன். உனக்கென்னம்மா, இந்நேரம் குளித்து, கஞ்சி குடித்து, காலை நீட்டியிருப்பாய்.

உடனே எழுது.

உன்
சுஷமா


முண்டக்கயம்
9.7.1998

அன்புள்ள சுஷமா,

காலை நீட்டவா? இங்கே ஜெபமாலை சொல்ல மண்டியிட்டு என் முட்டி காய்த்துவிட்டது.

நீ ஐ.சி.யு.வில் வென்டிலேட்டர் பார்த்துக்கொள்கிறாய் என்று படித்ததும் அந்த வரியைக் கையால் மூடிக்கொண்டேன். நான் நாய்க்கடிக்கு ஊசி போடுகிறேன். ரப்பர் தோட்டத்தில் காலை வெட்டிக்கொண்டு வருபவர்களுக்குக் கட்டுப் போடுகிறேன். ஐந்து வருஷம் கழித்து நீ எங்கே இருப்பாய், நான் எங்கே இருப்பேன்? தூக்கம் நன்றாகத்தான் வருகிறது. அதைச் சான்றிதழில் எழுத முடியாதே.

ஒரு கூத்து கேள். இங்கே முக்காடு போட்ட கன்னியாஸ்திரிகள் மட்டும்தான் சிஸ்டர். நாங்கள் வெறும் ஸ்டாஃப். எங்கள் மேட்ரனும் கன்னியாஸ்திரிதான், அவர் பெயரும் ரெஜினா. போன வாரம் நான் கவனித்துக்கொண்ட ஒரு பெரியவர் வீட்டுக்குப் போனதும் மகனிடம் பலாப்பழம் கொடுத்தனுப்பியிருக்கிறார். "சிஸ்டர் ரெஜினாவுக்கு" என்று சொன்னானாம் அந்த மகராசன். பழம் நேரே மடத்துச் சமையலறைக்குப் போய்விட்டது. எனக்கு வந்தது வாசனை மட்டும். மறுநாள் மேட்ரன், "என்ன ஸ்டாஃபே, உனக்கு வந்த பழமாமே? கொட்டை இருக்கு, வேணுமா?" என்று சிரிக்காமல் கேட்டார்.

அதனால், எப்போதாவது ஃபோன் செய்தால் ஸ்டாஃப் ரெஜினா என்று கேள். சிஸ்டர் என்றால் அறுபது வயதுக் குரல் வந்து நிற்கும்.

அன்புடன்
ரெஜினா


கோழிக்கோடு
13.9.1998

ரெஜி,

பலாப்பழக் கதையை இங்கே எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். அந்தக் கடிதம் எனக்கு மனப்பாடம்.

ஓணத்துக்கு எங்கள் வீட்டுக்குப் போனாயாமே. அம்மா நாலு பக்கம் எழுதியிருந்தாள், அதில் மூன்று பக்கம் நீ. ரெஜினா வாசலில் பூக்களம் போட்டாள், ரெஜினா தேங்காய் துருவினாள், "ரெஜினா முகத்துல என்ன தெளிவு! நல்லா தூங்கற பொண்ணுன்னு பாத்தாலே தெரியுது." உனக்குப் பாலடைப் பாயசம் இரண்டாம் தரம் ஊற்றினாளாம். என் இலையில்தான் உட்கார்ந்திருப்பாய், ஜன்னல் ஓரத்தில்.

நான் அன்று கேன்டீனில் ஆறிப்போன புட்டு தின்றேன். லீவு கேட்டதற்கு இங்கே மேடம், "ஓணம்னு சொல்லிட்டா நோயாளிக்கு மூச்சு வாங்காம இருக்குமா?" என்றார். டியூட்டி முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி ஃபரோக்குவரை போய்விட்டேன். கண்டக்டர், "சிஸ்டரே, இங்கயும் வார்டு வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். பஸ்ஸே சிரித்தது.

நீ போனதில் எனக்குச் சந்தோஷம்தான். அம்மாவுக்கும் யாராவது வேண்டாமா?

உன்
சுஷமா


முண்டக்கயம்
4.10.1998

அன்புள்ள சுஷமா,

அம்மா கூப்பிட்டதால்தான் போனேன். அந்த இலையில் உட்காரவில்லை, நம்பு. அதை உன் தங்கை பிடித்துக்கொண்டாள்.

இங்கே மழை. புதிதாக எழுத ஒன்றும் இல்லை.

அன்புடன்
ரெஜினா


கோழிக்கோடு
22.11.1998

ரெஜினாவுக்கு,

புதிதாக ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாய். நம்மோடு படித்த லேகாவிடம் ஏதோ இருக்கிறது போலிருக்கிறதே.

கொச்சியில் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவுக்கு ஒரே ஒரு ஆள் எடுக்கிறார்களாம். பகல் டியூட்டி மட்டும். ஞாயிறு விடுமுறை. சம்பளம் என்னுடையதைவிட அதிகம். விண்ணப்பம் போட்டவர்களில் ரெஜினா ஜோசஃபும் உண்டாம். "உனக்குத் தெரியாதா? நீங்க ரெண்டு பேரும் ஒரே சோப்புல குளிச்சவங்களாச்சே" என்று எழுதியிருக்கிறாள்.

தூக்கமும் நீயே எடுத்துக்கொண்டாய், என் வீட்டு ஓணத்தையும் எடுத்துக்கொண்டாய். இப்போது பணமும் வேண்டுமா? வேண்டும் என்றால் வேண்டும் என்று சொல்லலாமே. நான் என்ன பிடுங்கிக்கொள்ளவா போகிறேன்?

சுஷமா


முண்டக்கயம்
1.12.1998

என் சுஷமா,

நீ திட்டியது சரி. மறைத்தேன்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாரிடமும் சொல்லக் கூசும். உனக்குத் தெரிந்தால் நீயும் விண்ணப்பிப்பாய். ஐ.சி.யு.வில் வேலை பார்த்தவள் பக்கத்தில் நாய்க்கடி ஊசி போட்டவளை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? பொறாமைதான், வேறு பெயர் வைக்க வேண்டாம். நீ ஒவ்வொரு கடிதத்திலும் என் தூக்கத்தைக் கணக்குப் பார்த்தாய். நான் உன் மெஷின்களை.

இந்த ஒரு தடவை எனக்கு விட்டுக்கொடு. ஊரில் என் அப்பச்சனுக்கு மிளகுக் கொடி எல்லாம் வாடிப்போயிற்று. இந்தப் பாதிச் சம்பளத்தில் எவ்வளவுதான் அனுப்புவேன்? இரவு வேலை உள்ள இடத்துக்கும் என்னால் போக முடியாது, என் தலைவலி உனக்குத் தெரியும். பணமும் பகலும் சேர்ந்து வருகிற வேலை எனக்கு இன்னொரு முறை கிடைக்குமா?

நேர்முகம் ஜனவரி முதல் வாரம். மேட்ரன் எழுதித் தரும் அனுபவச் சான்றிதழ் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். வேறு வேலைக்குப் போகிறேன் என்று வெளியிலிருந்து காதில் விழுந்தால் அவர் தரமாட்டார். போன வருஷம் ஒருத்திக்கு அப்படித்தான் ஆனது. நாமே போய், நல்ல நேரம் பார்த்து, முகத்துக்கு நேரே சொன்னால் மனம் இளகிவிடும். கிறிஸ்துமஸ் முடிந்ததும் சொல்லப்போகிறேன். அதுவரை யாரிடமும் மூச்சு விடாதே.

உன்
ரெஜி


கோழிக்கோடு
27.12.1998

என் பொன்னு ரெஜி,

எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. இந்நேரம் உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

இருபத்துமூன்றாம் தேதி மத்தியானம் உனக்கு வாழ்த்துச் சொல்லத்தான் ஃபோன் பூத்துக்குப் போனேன், சத்தியமாக. இங்கே நாள் முழுக்க சிஸ்டரே, சிஸ்டரே என்று கேட்டுக் கேட்டு நாக்குக்கு வேறு வார்த்தை வரவில்லை. "சிஸ்டர் ரெஜினா இருக்காங்களா?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "ரெஜினாதான் பேசறேன்" என்று குரல் வந்தது. எஸ்.டி.டி. மீட்டர் ஓடுகிறதே என்ற அவசரத்தில் கொட்டிவிட்டேன்.

"அடி கள்ளி, கொச்சிக்குப் போறதை மடத்து அம்மாமார்கிட்ட சொல்லிட்டியா, இல்ல கிறிஸ்துமஸ் கேக்கைத் தின்னுட்டுச் சொல்லிக்கலாம்னு இருக்கியா?"

அந்தப் பக்கம் ஒரு இருமல். பிறகு, "கேக் இன்னும் வெட்டலை மோளே. வெட்டினதும் அவகிட்டயே கேட்டுச் சொல்றேன்."

மேட்ரன் என்று அப்போதுதான் புரிந்தது. ரிசீவரை வைத்துவிட்டேன். உன்னை மறுபடி கூப்பிடத் தைரியம் வரவில்லை.

தெரியாமல் நடந்தது. அவர் மனம் இளகுகிறவர் என்று நீயே எழுதியிருக்கிறாய், மன்னித்துவிடுவார். நீ ஒருமுறை காலில் விழுந்து கேட்டுப் பார்.

உன்
சுஷமா

பின்குறிப்பு: நீ எப்படியும் போக முடியாமல் ஆகிவிட்டால் அந்த இடம் யாருக்கோ போகுமே என்று, லேகா வற்புறுத்தியதால், நானும் ஒரு விண்ணப்பம் அனுப்பியிருக்கிறேன். தப்பாக நினைக்காதே.


முண்டக்கயம்
14.2.1999

சிஸ்டர் சுஷமா அவர்களுக்கு,

லேகா எழுதியிருந்தாள். நீங்கள் கொச்சியில் சேர்ந்துவிட்டீர்களாம். வாழ்த்துகள்.

கேட்க மாட்டீர்கள், இருந்தாலும் சொல்கிறேன். மேட்ரன் கோபப்படவில்லை. கேக் வெட்டி முதல் துண்டை எனக்குத்தான் கொடுத்தார். "எங்கிட்ட சொல்ல உனக்கு வாய் வரலையா, ஸ்டாஃபே?" என்று மட்டும் கேட்டார். சான்றிதழ் தரவில்லை. இந்த மாதம் முழுக்க எனக்கு இரவு டியூட்டி. தூக்கத்தைப் பற்றி இனி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

நாக்குத் தவறியது என்று எழுதியிருந்தீர்கள். அது தவறலாம். ஆனால் மூன்று வருஷம் நாம் ஒரே அறையில் இருந்தோம். நான் குளியலறையில் தும்மினால் மாடியிலிருந்து, "ரெஜி, தலையைத் துவட்டுடி!" என்று கத்துவாய். இருட்டில் யாராவது செருமினால்கூட அது நானா இல்லையா என்று சொல்லிவிடுவாய். அப்படிப்பட்டவளுக்கு அறுபது வயதுக் குரல் என் குரலாகக் கேட்டது என்கிறாய்.

ஒருமையில் எழுதிவிட்டேன். பழக்கம். மன்னிக்கவும்.

அம்மாவுக்கு நான் ஒன்றும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். கொச்சியிலிருந்து சங்கனாச்சேரி பக்கம்தான். இனி ஓணத்துக்கு நீங்களே போய்விடலாம். ஜன்னலோர இலை உங்களுடையது, பாயசமும்.

இப்படிக்கு,
ஸ்டாஃப் ரெஜினா