சுவருக்கு அந்தப் பக்கம் பூத்த மந்தாரை

2019 ஜூன் 12
மந்தாரைக் கன்றை வைத்தாயிற்று. பின்சுவரை ஒட்டி, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன். அப்பா போனதும் வீட்டை இரண்டாக்கி, நடுவில் சுவர் எழுப்பி, என்னோடு பேச்சையும் நிறுத்திக்கொண்டவன். மரம் வளர்ந்து, மாடியில் நிற்கும் அவன் முகத்தை மறைத்தால் போதும்.

"அங்க வெயிலே படாதே" என்றார் என் வீட்டுக்காரர். இவருக்கு என்ன தெரியும்!

ஜூலை 3
நேற்று மாலை இலையெல்லாம் மடங்கித் தொங்கியது. போச்சு, செத்துப்போச்சு என்று பதறினேன். காலையில் பார்த்தால் விரிந்து நிற்கிறது. தூங்கி எழுந்திருக்கிறது! கண்ணாடிக் கடை வேலைக்குத் தாமதமாகப் போய் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். போகட்டும்.

2021 ஆகஸ்ட் 8
என்னைவிட உயரம். வெயில் எங்கே என்று அதற்கு யார் சொன்னது? ஒவ்வொரு கிளையும் அந்தப் பக்கமே போகிறது. தண்ணீர் ஊற்றுவது நான், உறவு கொண்டாடுவது அங்கே.

2022 நவம்பர் 20
அந்தப் பக்கம் ரம்பச் சத்தம். வெட்டுறானா? ஐயோ, வெட்டுறானா? சுவரில் காதை வைத்து நின்றேன். "டேய் அண்ணா" என்று ஒரு வார்த்தை கூப்பிட வாய் வரவில்லை.

2023 பிப்ரவரி 14
எல்லா இலையும் உதிர்ந்துவிட்டது. என் பக்கம் வெறும் குச்சி.

மார்ச் 2
தொட்டிமேல் ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். உச்சிதான் தெரிந்தது. இலையே இல்லை, அத்தனையும் பூ. ஊதா. இதழில் மெல்லிய பேனாவால் இழுத்ததுபோல் கோடுகள். தினம் ஒரு வாளித் தண்ணீர், அதிலிருந்தா இவ்வளவும்? அழுதுவிட்டேன்.

"கீழ நின்னு பாத்தாத்தான் முழுசாத் தெரியும்" என்றார் இவர்.

"அதுக்கு அவன் வீட்டுக்குள்ள போகணும்."

"போ."

மார்ச் 5
போனேன். அண்ணி கதவைத் திறந்தாள். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உனக்கு? வா உள்ள."

பெரிய கிளையைத் தாங்க அடியில் ஒரு மரமுட்டு. பட்டை உராயாமல் பழைய போர்வை சுற்றியிருந்தது. அன்று அறுத்தது இதற்காகத்தான்.

அண்ணன் என்னைப் பார்க்காமல் மேலேயே பார்த்தான். "காத்துல முறிஞ்சிடுமோன்னு பயமா இருந்துச்சு, பாப்பா."

நாற்பத்தைந்து வயதில் நான் பாப்பா. இரண்டு பேரும் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து நின்றோம்.

மார்ச் 6
காலையில் வாளியோடு போனேன். மண் ஏற்கெனவே ஈரமாக இருந்தது. சுவர்மேலிருந்து ஒரு ரப்பர் குழாய் தொங்குகிறது.