முருகேசன் பயிற்சி முடித்து வந்த நாள்

புதன், ஆவணி 11

எங்கள் லாரி பாடி கட்டும் பட்டறையில் இரண்டு மாதமாகப் புது ஆர்டர் இல்லை. வாரத்தில் மூன்று நாள்தான் வேலை. இந்த நேரத்தில் ஃபோர்மேன் முருகேசனைச் சேலத்தில் நடந்த நிர்வாகப் பயிற்சிக்கு நான்கு நாள் அனுப்பினேன். இன்று திரும்பி வந்தார்.

வெல்டர் பழனி எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். "ஏனுங்க்கா, எங்களுக்கு வேலையே இல்லீங்க. அவருக்கு மட்டும் படிப்புங்களா?"

நல்ல காலம் வரும்போது பட்டறையை நடத்த ஆள் வேண்டும் என்றேன். யாரும் தலையாட்டவில்லை.

சாயங்காலம் முருகேசன் தனியாக வந்தார். என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"ஆளுங்ககிட்ட எதையும் மறைக்கக்கூடாதுன்னாங்க. தீவாளிக்கு அப்புறம் பட்டறை இருக்குமுங்களா? அவிங்க கேட்டா நான் என்னங்க சொல்றது?"

"காலையில் நானே சொல்கிறேன்" என்றேன். நிம்மதியாகப் போனார்.

பட்டறை இடத்தை ஒருவர் விலைக்குக் கேட்டிருக்கிறார். நான் இன்னும் முடியாது என்று சொல்லவில்லை. அது முருகேசனுக்குத் தெரியாது. விற்கலாமா என்று யோசித்துக்கொண்டே, நடத்துவதற்கு அவரைப் படிக்க அனுப்பியிருக்கிறேன். இரண்டையும் மனதாரத்தான் செய்தேன். இதை எப்படி அவர்களிடம் சொல்வது?

எட்டு மணிக்கு எல்லோரும் வந்துவிடுவார்கள்.