ஆழ்வார்குறிச்சித் தாளில் ஒரு பெயர்

பாளையங்கோட்டை,
21 அக்டோபர் 1918.

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான அத்தான் அவர்களுக்கு,

இன்பமணி எழுதுவது. நானும் ஜெபகனியும் இந்த நிமிஷம் வரை சுகம். அப்படித்தான் எழுத வேண்டியிருக்கிறது, என்ன செய்ய? காலையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் சாயங்காலம் இருப்பதில்லை. நம் தெருவில் மட்டும் இந்த விஷக்காய்ச்சலுக்கு நான்கு பேர். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். அடக்கத்துக்குக் கோயில் மணி அடிப்பதையும் பாதிரி ஐயர் நிறுத்திவிட்டார். படுத்திருக்கிறவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டே பயந்து போகிறார்களாம்.

நீங்கள் அம்பாசமுத்திரத்திலிருந்து அனுப்பிய பாபநாசம் பெயர்க்கணக்குத் தாள்கள் சனிக்கிழமை தபாலில் வந்தன. இருபத்தொரு தாளையும் நல்ல பிரதி எடுத்து முடித்துவிட்டேன். கலெக்டர் கச்சேரியில் உங்கள் கையெழுத்து அழகு என்று மெச்சுகிறார்களாமே, அது பெண்டாட்டி கையெழுத்து என்று ஒருநாள் தெரிந்தால் இருக்கிறது உங்களுக்கு. சர்க்கார் தாளை வீட்டில் வைத்து எழுதுகிறோம் என்ற பயத்தில், யார் கதவைத் தட்டினாலும் எல்லாவற்றையும் வேதப்புத்தகப் பெட்டிக்குள் போட்டுவிடுகிறேன்.

எழுதும்போது நீங்கள் புறப்படுகிற அன்று சொன்னதையே நினைத்துக்கொண்டிருந்தேன். முன்னெல்லாம் சென்னைச் சட்டசபைக்கு நம் பக்கத்து ஆளை அனுப்புவது ஜில்லா போர்டு மெம்பர்களும் முனிசிபாலிட்டிக்காரர்களும் கூடிப் பேசுகிற காரியம். பல ஜில்லாக்களை ஒரு கட்டாகக் கட்டி அதற்கு ஒருவர். ஒன்பது வருஷத்துக்கு முன் சீர்திருத்தம் என்றார்கள், இடங்களைக் கூட்டினார்கள், கட்டை அவிழ்த்து வேறு விதமாகக் கட்டினார்கள். மறு வருஷமே சாத்தூரையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் நம்மிடமிருந்து வெட்டி இராமநாதபுரம் என்ற புது ஜில்லாவில் சேர்த்தார்கள். சாத்தூரில் இருக்கிற என் அக்காள் இருந்த வீட்டிலேயே இருந்துகொண்டு வேறு ஜில்லாக்காரி ஆனாள். இப்போது ஜில்லாவே ஒரு தனித் தொகுதி, நிலத்தீர்வை கட்டுகிற குடியானவனுக்கும் ஓட்டு என்று பேச்சு. அதற்கு எத்தனை தலை தேறும் என்று எண்ணத்தான் உங்களை இந்தக் காய்ச்சலுக்குள் அனுப்பியிருக்கிறார்கள். இத்தனை பெயர் எழுதினேனே, என்னைப் போல ஒருத்தி பெயர் எங்காவது உண்டா? அதைத் தனியாகச் சண்டை போட்டுக்கொள்வோம்.

பட்டாவெல்லாம் செத்த தகப்பன் பெயரிலேயே கிடக்கிறது, அதனால் கடைசியில் உள்ள குறிப்புக் கட்டத்தில் இருக்கிறாரா இறந்தாரா என்று விசாரித்து எழுத வேண்டும் என்றீர்கள். விசாரித்த லட்சணத்தைப் படித்துச் சிரித்தேன். ஆறுமுகத்தாய் என்கிறவள் வாசலை மறித்துக்கொண்டு, "பட்டாளத்துக்கா ஆள் எழுதுதிய? எம்மவன் செத்து ரெண்டு வருசம் ஆச்சு அய்யா" என்று அழுதாளாம், செத்த மகன் உள்ளே நெல்லுக் குதிருக்குப் பின்னாலிருந்து தும்மினானாம். சிரித்துவிட்டுப் பிறகு வருத்தப்பட்டேன். பஸ்ராச் சண்டைக்குப் போன பையன்கள் எத்தனை பேர் திரும்பினார்கள்? அவள் வேறென்ன சொல்வாள்?

உங்கள் சொந்த ஊரான ஆழ்வார்குறிச்சிக்குக் கடைசியாகப் போய், இஸ்ரவேல் சித்தப்பா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவதாக எழுதியிருந்தீர்கள். அப்படியே செய்யுங்கள். நீங்கள்தான் கணக்கெடுத்துத் திரிகிறீர்கள் என்று அவருக்குத் தெரியாதே, எதிரே போய் நின்றால் சந்தோஷப்படுவார். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். காய்ச்சல் உள்ள வீட்டுக்குள் நுழையாதீர்கள். செத்தவரை வாசலில் நின்று விசாரித்தாலும் செத்தவர்தான்.

உங்கள் அன்புள்ள மனைவி,
இன்பமணி.


பாளையங்கோட்டை,
4 நவம்பர் 1918.

பிரியமான அத்தானுக்கு,

உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. ஜெபகனிக்கு வியாழக்கிழமை காய்ச்சல் கண்டது. உடம்பு தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது. மிஷன் ஆஸ்பத்திரியில் இடம் இல்லை, மருந்து மட்டும் கொடுத்தார்கள். அடுத்த வீட்டுச் சாரம்மாள் அக்காள் கஞ்சி கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறாள். உள்ளே வர பயம், பாவம், அவளுக்கும் பிள்ளைகள் இருக்கிறதே. குழந்தை நான்கு வயதில் எப்படிக் கேட்கிறாள் தெரியுமா? "அப்பா தாள்ல என் பேரு இருக்கா?" என்கிறாள். இல்லையடி, இருக்கவே வேண்டாம் என்று வாயை மூடினேன்.

நான் எழுத வந்தது வேறு. கடையம் தாள்கள் வந்தன. உங்கள் எழுத்து முதல் மூன்று தாளில் நேராக இருக்கிறது. நாலாவதில் வலப்பக்கம் இறங்குகிறது. எட்டாவதில் சுழிகள் சேரவில்லை. வண்டி குலுங்கியது என்று ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். அத்தான், பத்து வருஷமாக உங்கள் எழுத்தைப் பிரதி எடுக்கிறவள் நான். வண்டிக் குலுக்கல் எனக்குத் தெரியும், நடுங்குகிற கையும் தெரியும். என்னிடமா இந்தக் கதை?

எனக்குப் பயமாக இருக்கிறது. மரியாதைக்காக வேறு விதமாகச் சொல்ல வரவில்லை. வேலையைப் போட்டுவிட்டு வாருங்கள். தாசில்தார் கோபித்தால் கோபிக்கட்டும். வர முடியாவிட்டால் ஒரு கார்டு, அதில் ஒரு வரி.

பயந்தவளாய்,
இன்பமணி.


பாளையங்கோட்டை,
13 நவம்பர் 1918.

என் அத்தானுக்கு,

கார்டு வரவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல தாள் கட்டுதான் வந்தது. உள்ளே உங்கள் கடிதம் இல்லாமல் ஒரு கட்டு வந்தது இதுவே முதல் தடவை. கட்டின முடிச்சும் உங்கள் முடிச்சு இல்லை, நீங்கள் முன்கூட்டியே விலாசம் எழுதி வைத்திருக்கிற உறை மட்டும் உங்களுடையது.

ஆழ்வார்குறிச்சித் தாள்கள். முழுக்க வேறு கை, அந்த ஊர்க் கணக்கர் எழுத்தாக இருக்க வேண்டும். குறிப்புக் கட்டங்களும் அவர் எழுத்துத்தான், அடியில் உங்கள் கையெழுத்து இல்லை. பழைய கணக்கர் காய்ச்சலில் போய், வெளியூரிலிருந்து புது ஆள் வந்திருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். அவர் உங்களைக் கண்டதில்லை.

ஆறாவது தாளில் பன்னிரண்டாவது வரியில் உங்கள் பெயர். ஞானமுத்து மகன் தேவதாசன். குறிப்பு: இறந்தார்.

அதை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்குத் தெரியாது. ஜெபகனி தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். மறுபடி வந்து படித்தேன். பிறகு ஒரு வாத்திச்சியைப் போல என்னை நானே உட்காரவைத்து யோசித்தேன். இது சித்தப்பா வேலை. கணக்கர் அவரிடம் போய்த் தேவதாசன் யார் என்று கேட்டிருப்பார். பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று நினைத்து அந்த மனுஷர், அண்ணன் மகனைக் காப்பாற்ற, "அவன் போய்ச் சேர்ந்துட்டாம்வே, எழுதிட்டுப் போரும்" என்று துண்டை வாயில் வைத்து அழுதும் காட்டியிருப்பார். ஊரெல்லாம் சொல்கிற பொய்தானே. அப்படித்தான் என்று எனக்குள் சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நேரம் மூச்சு வந்தது.

அப்புறம்தான் அடுத்த யோசனை வந்தது. நீங்கள் அந்த வீட்டில் இரண்டு நாள் இருப்பதாகத்தானே ஏற்பாடு? நீங்கள் போயிருந்தால், இது பட்டாளக் கணக்கு இல்லை என்று முதல் பேச்சிலேயே சொல்லியிருப்பீர்கள். சித்தப்பா பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே நீங்கள் போகவில்லை. போகவில்லையென்றால் எங்கே இருக்கிறீர்கள்? இல்லை, நீங்கள் போனீர்கள், அவர் சொன்னது பொய் இல்லை என்றால்? இதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை அத்தான்.

சாரம்மாள் அக்காளின் வீட்டுக்காரர் சாலமோனை உங்கள் கச்சேரிக்கு அனுப்பினேன். பாதிப் பேர் படுக்கையில், முகாமில் இருக்கிறவர்களைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை என்றார்களாம். இந்தத் தாளைக் காட்டிக் கேட்கலாமென்றால், இது உன் கைக்கு எப்படி வந்தது என்பார்கள், உங்கள் வேலை போகும். வேலை போனால் போகிறது என்று இரண்டு தடவை செருப்பு மாட்டினேன். குழந்தையைத் தனியாக விட முடியாமல் திரும்பினேன். சித்தப்பாவுக்கும் ஒரு கார்டு போட்டிருக்கிறேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது, வாசித்துச் சொல்ல அங்கே யார் எழுந்து நடமாடுகிறார்களோ.

நேற்று காலையில் கோயில் மணி அடித்தது. ஒரு மாதமாக அடிக்காத மணி. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். உங்களுக்காகத்தான் அடிக்கிறார்கள், எனக்குச் சொல்ல யாரோ வருகிறார்கள் என்றே நினைத்தேன். சாரம்மாள் அக்காள் காய்ச்சல் பயத்தையும் மறந்து உள்ளே ஓடிவந்து, "ஏட்டி, சண்டை முடிஞ்சிட்டாம்! ஜெர்மனிக்காரன் கையெழுத்துப் போட்டுட்டானாம்!" என்றாள். ஊரே வாசலில் நின்று ஸ்தோத்திரம் சொல்கிறது. நான் மட்டும் எழுந்திருக்காமல் அழுதுகொண்டிருந்தேன்.

ஜெபகனிக்கு நேற்றுக் காய்ச்சல் விட்டது. இன்று ரசம் சாதம் கேட்டுச் சாப்பிட்டாள். அவளைச் சாரம்மாள் அக்காளிடம் விட்டுவிட்டு வெள்ளிக்கிழமைக் காலை ரயிலில் அம்பாசமுத்திரத்துக்குப் புறப்படுகிறேன். வரவேண்டாம், இந்தப் பக்கம் முழுக்கக் காய்ச்சல் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அதையெல்லாம் நேரில் வந்து கோபித்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை அம்பாசமுத்திரம் தாலுகா கச்சேரிக்குத்தான் அனுப்புகிறேன். வேறு விலாசம் எனக்குத் தெரியாது.

ஆழ்வார்குறிச்சித் தாள்களை நல்ல பிரதி எடுத்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் ஒரு எழுத்தும் மாற்றி எழுதாதவள், முதல் தடவையாகச் சர்க்கார் தாளில் புரட்டுச் செய்திருக்கிறேன். பன்னிரண்டாவது வரியில் உங்கள் பெயரையும் மாமா பெயரையும் அழகாக எழுதினேன். குறிப்புக் கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். அதை நான் எழுத மாட்டேன். உங்கள் கையால் நீங்களே எழுத வேண்டும், சாய்ந்திருந்தாலும் பரவாயில்லை, சுழி சேராவிட்டாலும் பரவாயில்லை.

கர்த்தர் உங்களை மரண இருளின் பள்ளத்தாக்கிலும் கைவிடாதிருப்பாராக. வெள்ளிக்கிழமை ஸ்டேஷனில் நில்லுங்கள். நிற்க முடியாவிட்டால் ஒரு ஆளையாவது நிறுத்துங்கள். சித்தப்பாவிடம் சண்டை முடிந்துவிட்டது என்று சொல்லுங்கள். இனி யார் வந்து கேட்டாலும் நீங்கள் உயிரோடிருப்பதாகவே சொல்லலாம்.

உங்கள்
இன்பமணி.