நாணலில் சிவப்புக் கொடி

என் பிடிவாதக்காரிக்கு,

நேற்று அடித்த காற்றில், ஏரியில் நீ நட்டுவைத்த சிவப்புக் கொடிகள் ஒன்றுவிடாமல் சாய்ந்துவிட்டன. உள்ளதைச் சொன்னால் முதலில் எனக்குச் சந்தோஷம்தான். கூடு கட்டும் பறவைகளுக்காக, பெற்ற அப்பன் படகையே மறித்த கொடிகள் அல்லவா? இனி நாணல் வழியே நேராகப் போகலாம் என்று கிளம்பினேன்.

பாதி வழியில் என்ன தோன்றியதோ, மோட்டாரை நிறுத்திவிட்டுத் துடுப்புப் போட்டேன். கொடி இருந்த இடத்திலிருந்து இரண்டு முழத்தில் ஒரு கூடு. அந்தக் காற்றிலும் முட்டையை விட்டு எழுந்திருக்காத தாய்ப்பறவை என்னை முறைத்தது. அச்சு அசல் நீதான். இடுப்பளவு சேற்றில் நின்று எவ்வளவு சரியாகப் பார்த்திருக்கிறாய்! முப்பது வருஷமாகப் படகு ஓட்டும் என் கண்ணில் இப்படி ஒரு கூடு பட்டதே இல்லை.

கொடிகளைத் திரும்ப நட்டுவிட்டேன். என் வழிக்குள் இன்னும் பத்தடி தள்ளியே நட்டிருக்கிறேன்.

இன்று படகில் வந்த ஒருவர், "ஏங்க, நேரா போனா என்ன?" என்று எரிந்து விழுந்தார்.

"என் பொண்ணு விடமாட்டா," என்றேன்.

சுற்றிப் போவதால் அரைமணி நேரம் கூடுதல். திரும்பும்போது படகு காலி. பேச்சுத்துணைக்குத்தான் ஆளில்லை.

கொடிக்கு இந்தப் பக்கம் இருக்கும்,
அப்பா