கனேலுக்குத் தெரிந்த குரல்

பிப்ரவரி 21, வெள்ளி

காலையில் மைனஸ் முப்பத்தொன்று. உறைந்த இறைச்சியில் கோடரி இறங்க மறுத்தது. நாய்களெல்லாம் பசியில் ஊளையிட்டு என்னை விரட்டின. பள்ளிக்குத் தாமதமாகத்தான் போனேன். எட்டாம் வகுப்புக்கு ஆவியாதல் நடத்திக்கொண்டே மனம் மட்டும் மகள் கடக்கப்போகும் ஏரிப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது.

மார்ச் மூன்றாம் தேதி நாங்கள் நடத்தும் நாய்வண்டிப் பனிப்பயணத்தில் ஒரு விருந்தாளி இடம் காலி. ஹாம்பர்க்கிலிருந்து வரவிருந்த பெண் மணிக்கட்டை உடைத்துக்கொண்டாராம். இரவுச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன்: அந்த இடத்தில் நான் வருகிறேன், அந்த வாரம் எங்களுக்கும் குளிர்கால விடுமுறைதானே.

மகள் ஓஷில்ட் உருளைக்கிழங்குத் தோலை உரித்துக்கொண்டே இருந்தாள். நிமிரவில்லை. ஒட்வார்தான் சிரித்தார். "தோருன், நீ அஞ்சு நாள் வாயைத் திறக்காம வண்டி மேல நிப்பியா? கல்யாணமானதுலேருந்து அப்படி ஒரு நாளை நான் பாத்ததில்லையே!"

மகள் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 22

இன்று சம்மதித்தாள். நிபந்தனையோடு.

"நீ விருந்தாளியா வா. மத்தவங்களைப் போலப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அங்க நீ எனக்கு அம்மா இல்ல. முக்கியமா நாய்ங்ககிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஒண்ணுகூட."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

இருபத்திரண்டு வயது ரோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 26, புதன்

எதற்காகப் பயப்படுகிறேன்? எழுதிப் பார்த்தால் தெளியுமா?

நவம்பரில் ஒட்வாருக்குத் தோள்பட்டையில் அறுவை நடந்ததிலிருந்து அவரால் வண்டியைப் பிடிக்க முடியாது. இதுவரை அவர் முன்னால் போக, ஓஷில்ட் கடைசி வண்டியில் வருவாள். இப்போது முதல் முறையாக அவள் முன்னால். வழி அவளுடையது, முடிவுகளும் அவளுடையவை. "இது நல்லபடியா முடிஞ்சா, இனி எல்லாத்தையும் அவகிட்டயே விட்டுடறேன். இல்லேன்னா அடுத்த வருஷம் வரைக்கும் பயணமே வேண்டாம்," என்று ஒட்வார் சொல்லியிருக்கிறார். அவளுக்கும் அது தெரியும்.

அவளுக்குத் திறமை இல்லை என்றா நினைக்கிறேன்? இல்லை. என்னைவிட நன்றாக ஓட்டுகிறாள். அப்படியானால் நான் எதற்குப் போகிறேன்?

இதற்குப் பதில் எழுதாமல் காபி போடப் போய்விட்டேன்.

மார்ச் 2, ஞாயிறு

விருந்தாளிகள் ஆல்டா விமான நிலையத்திலிருந்து வந்துவிட்டார்கள். நெதர்லாந்திலிருந்து அக்கா தங்கை இருவர், ஃபெம்கவும் லீகெயும். பெர்கனிலிருந்து சிக்வார்ட், பல் மருத்துவர், ஐம்பதைத் தாண்டியவர். பெர்கன்காரர் என்றால் கேட்கவா வேண்டும்? வந்ததிலிருந்து வாய் ஓயவில்லை.

முற்றத்தில் வண்டி ஓட்டும் பயிற்சி. ஓஷில்ட் சொல்லிக்கொடுத்தாள்: "இதான் பிரேக். நின்னதும் இந்தக் கொக்கியைப் பனியில குத்தணும். கவிழ்ந்தாலும் சரி, தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போனாலும் சரி, கைப்பிடியை விடக் கூடாது. விட்டா நாய்ங்க உங்களை விட்டுட்டுப் போயிடும், திரும்பிக்கூடப் பாக்காது."

"என் பொண்டாட்டியும் அப்படித்தான் போனா," என்றார் சிக்வார்ட்.

என்னை அறிமுகப்படுத்தினாள்: "இவங்க தோருன். ஸ்கூல் டீச்சர். இந்தப் பக்கந்தான்." எதுவும் பொய்யில்லை.

என்னைக் கடைசி வண்டியில் போட்டிருக்கிறாள்.

மார்ச் 3

முதல் நாள். பீடபூமிக்கு ஏறிவிட்டோம். காற்றில்லை.

அவள் வண்டியின் முன்னணி நாய் கனேல். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு ஒரே இனத்தில் பெயர் வைப்பது எங்கள் வழக்கம். அந்த ஈற்றுக்கு மசாலாப் பெயர்கள். கனேல் என்றால் பட்டை. தாய் நாய் செத்துப்போனதால் அதைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் நான்தான். இன்று நாள் முழுக்க அதன் முதுகை நாலு வண்டிகளுக்குப் பின்னாலிருந்து பார்த்தபடி வந்தேன். பேசவில்லை. மதிய நிறுத்தத்தில் அது என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. நான் வேறு பக்கம் பார்த்தேன். சே, என்ன பிழைப்பு இது.

ஓர் இறக்கத்தில் ஓஷில்ட் வேகத்தைக் குறைக்கவில்லை. நானாக இருந்தால் குறைத்திருப்பேன். ஒன்றும் ஆகவில்லை.

மார்ச் 4

குடிசையில் இருக்கிறோம். அடுப்பு நன்றாக எரிகிறது. கலைமான் இறைச்சிக் குழம்பு, காய்ந்த ரொட்டி, பழுப்புப் பாலாடைக்கட்டி. லீகெ மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

சாயங்காலம் கலைமான் மந்தை வைத்திருக்கும் ஆன்தே பனி ஸ்கூட்டரில் வந்தார். கோடையிலும் குளிர்காலத்திலும் இந்த மேட்டை அவர் குடும்பத்தைவிட அறிந்தவர்கள் இல்லை. மந்தை எங்கே மேய்கிறது என்று அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எந்த நாய்வண்டியும் நகரும். ஓஷில்ட் வெளியே போய்ப் பேசினாள். ஆன்தே கைத்தடியால் பனியில் ஏதோ வரைந்து காட்டினார். ரொம்ப நேரம். நாளை கடக்கவேண்டிய ஏரியைப் பற்றித்தானோ? எழுந்து கதவுவரை போனேன். கைப்பிடியில் கை வைத்தேன். விருந்தாளி எதற்கு அங்கே போகிறாள்? திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துவிட்டார் மனிதர். "என்ன டீச்சர்! காசு குடுத்துட்டா குளிர் காய வந்தீங்க?"

"யாரு அவரு? உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்றார் சிக்வார்ட்.

"இங்க எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்."

ஓஷில்ட் உள்ளே வந்து பனியைத் தட்டினாள். என்ன சொன்னார் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமா? எதைக் கேட்பதும் நிபந்தனையை மீறுவது என்றே பட்டது.

மார்ச் 5, புதன்

எழுதியே ஆக வேண்டும்.

காலையில் ஏரிக் கரையை அடைந்தோம். ஏரியின் குறுக்கே பிர்ச் மரக் கம்புகள் நட்ட நேர்வழி, ஒவ்வொரு குளிர்காலமும் எல்லோரும் போகும் வழி. நடுவில் பனி சாம்பல் நிறமாக இருந்தது. மேற்பனிக்குக் கீழே, பனிக்கட்டிக்கு மேலே, தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ஓஷில்ட் எங்கள் எல்லோரையும் நிறுத்தினாள். தடியோடு நடந்து போய்க் குத்திப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கம்பு வழி வேண்டாம். இடப்பக்கமா ஓடை வாய் ஓரமா சுத்திப் போறோம். முதல்ல நான் போறேன். நான் கையைத் தூக்கினப்புறம் ஒவ்வொருத்தரா வாங்க."

ஓடை வாயா! ஓடை வந்து சேரும் இடத்தில் பனிக்கட்டி மெல்லிசு, அந்தப் பக்கம் காலை வைக்காதே — ஒவ்வொரு நவம்பரிலும் இதைப் படம் போட்டுப் பிள்ளைகளுக்கு நடத்துகிறவள் நான். சிக்வார்ட் என்னவோ சொன்னார், காதில் விழவில்லை. அவள் கிளம்பிவிட்டாள். எட்டு நாய்கள், வண்டி, என் பிள்ளை. இடப்பக்கம் வளைந்தார்கள். ஓடை வாயை நோக்கி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நின்றேன்தான், கொஞ்ச நேரம்.

பிறகு கத்திவிட்டேன்.

"கனேல்!"

ஒரே ஒரு பெயர். வேறு ஒன்றும் சொல்லவில்லை. குளிர்ந்த ஏரி மேல் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பது எனக்குத் தெரியாதா? கனேல் சட்டென்று நின்றது. திரும்பியது. அதன் பின்னால் ஏழு நாய்களும் திரும்பின. சாப்பாட்டு வாளியோடு நான் முற்றத்தில் நிற்பதுபோல, குறுக்கு வழியில், நேராக என்னை நோக்கி, அந்தச் சாம்பல் பனியின் மேலேயே ஓடிவந்தன. வண்டி கவிழ்ந்தது. ஓஷில்ட் கைப்பிடியை விடவில்லை. விட்டிருந்தால் நனையாமல் தப்பியிருப்பாள். தண்ணீருக்குள் இழுபட்டுக்கொண்டே போனாள். முழங்கால்வரை நீர், பனிக்கூழ். கீழே பனிக்கட்டி பலமாகத்தான் இருந்தது. ஆனால் வெளியே குளிர் மைனஸ் இருபத்தாறு.

நான் ஓடினேன். மறுபடி கூப்பிட வாயைத் திறந்தேன்.

"அம்மா, வாயை மூடு! அங்கேயே நில்லு!"

நின்றேன்.

அவளே எழுந்தாள். முன்னணி வாரைக் கையில் பிடித்து, எட்டு நாயையும் ஒவ்வொரு அடியாக வெளியே கொண்டுவந்தாள். கரைக்கு வந்ததும் குரல் உயரவே இல்லை. "சிக்வார்ட், ரெண்டு வண்டியைச் சாய்ச்சு வைங்க, காத்துக்கு மறைப்பா. ஃபெம்க, என் பையில நீலப் பொதி இருக்கு, அதுல காஞ்ச துணி. லீகெ, நாய்ங்க பாதத்துல ஐஸ் இருந்தா எடுத்துடு." என்னைப் பார்த்தாள். "நீ கனேலைப் பிடிச்சுக்க. பேசாத."

கனேல் என் முழங்காலில் தலையைச் சாய்த்து வாலை ஆட்டியது. நல்ல பிள்ளையாகத் திரும்பி வந்துவிட்டதாம்.

அவள் காலுறையைக் கழற்றியபோது விரல்கள் மெழுகுபோல வெளுத்திருந்தன. சிக்வார்ட் ஒரு வார்த்தை பேசாமல் தன் சட்டையைத் தூக்கி, அவள் பாதங்களை வயிற்றோடு வைத்து அணைத்துக்கொண்டார். அது நான் செய்திருக்க வேண்டியது.

பிறகு மறுபடி வண்டியில் ஏறி, அதே ஓடை வாய் ஓரமாகப் போனாள். கையைத் தூக்கினாள். ஒவ்வொருவராகப் போனோம். கல் மாதிரி இருந்தது தரை. நேற்று ஆன்தே சொன்னது அதுதானாம்: இந்த வருடம் ஓடை அடிவரைக்கும் உறைந்துவிட்டது, அதில் ஓட்டமே இல்லை, அதனால் அந்தப் பக்கம்தான் பலம்.

இப்போது அடுத்த குடிசையில் இருக்கிறோம். அவள் தூங்குகிறாள். சிக்வார்ட் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காபி ஊற்றிக் கொடுத்தார்.

"அம்மாவா நீங்க! முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"சொல்லக் கூடாதுன்னு பேச்சு."

"எனக்கு அம்பத்திரண்டு வயசு. எங்கம்மா இன்னும் கிளினிக்குக்கு வந்தா, நான் நோயாளி வாயில கொறடு வச்சிருக்கிற நேரம் பாத்து, 'பாத்துப் பிடுங்குடா'ங்கும்."

சிரித்துவிட்டேன். உடனே அழுகை வந்துவிட்டது. அவர் கோப்பையைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போனார்.

மார்ச் 6

அவள் என்னோடு பேசுகிறாள். "தோருன், கையுறை மாத்திக்குங்க." "தோருன், சாப்பிட்டீங்களா?" விருந்தாளியிடம் பேசுவதுபோல. கோபித்துத் திட்டினால் தேவலாம்.

மார்ச் 7, வெள்ளி

வீடு. எல்லோரும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். ஓஷில்டின் கால்விரல்களில் கொப்புளம். ஒட்வார் முற்றத்தில் நின்று நாய்களை எண்ணினார், பிறகு மகளின் நடையைப் பார்த்தார். "யாரு பண்ணின வேலை?"

"தண்ணி இருந்துச்சுப்பா. என் வண்டி கவிழ்ந்துடுச்சு," என்றாள்.

நான்தான் சொன்னேன். எல்லாவற்றையும். அவர் கேட்டுவிட்டு வார்களை மாட்டி வைக்கப் போனார். அடுத்த பயணம் உண்டா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை.

மார்ச் 10

மருத்துவர் பார்த்தார். நகங்கள் போகும், விரல்கள் பிழைக்கும் என்கிறார். காரில் திரும்பும்போது நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். ஓஷில்ட் தடுத்தாள்.

"நீ பயந்ததை விடும்மா. கனேல் உன் குரலுக்குத் திரும்பிச்சு பாரு, அதைத்தான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். ஏன் திரும்பாது? பொறந்ததுலேருந்து நீதான் சோறு போடற. நான் வார் மாட்டறேன், ஓட்டறேன், அவ்வளவுதான். அதுக்கு நீதான் வீடு."

வளைவில் காரின் வேகத்தைக் குறைத்தேன்.

"ரெண்டே வழிதான். கனேலை வீட்ல விட்டுட்டு வேற நாயை முன்னாடி பழக்கணும். இல்லன்னா—" நிறுத்தினாள். "இல்லன்னா நாளைலேருந்து நான் சாப்பாடு போடறேன். நீ கொட்டில் பக்கமே வரக் கூடாது. அதுங்க காதுல உன் குரலே விழக் கூடாது. இருபத்தொன்பதாம் தேதிப் பயணம் வரைக்கும். அதுக்குள்ள ஆகலைன்னா கனேல் வீட்லதான். அப்பாகிட்ட பேசிட்டேன், பயணத்துக்குச் சரின்னுட்டாரு."

முன்னால் ஓடிப் பழகிய நாயை மற்ற வண்டிகள் கிளம்பும்போது சங்கிலியில் விட்டுப் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தொண்டை கிழியக் கத்தும். பிறகு கத்துவதை நிறுத்திவிடும். அது இன்னும் மோசம்.

சரி என்றேன்.

மார்ச் 11

காலையில் கோடரிச் சத்தம். என் கையில் வேலை இல்லை. நாய்கள் ஊளையிட்டன. ஜன்னல் திரையை இழுத்து மூடினேன்.

மார்ச் 13

கனேல் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. ஒட்வார்தான் சொன்னார். "அதுவும் உன்னை மாதிரிதான், வீம்பு."

எனக்கும் சோறு இறங்கவில்லை. ஒரு தடவை போய் நின்றால் என்ன, பேசாமல் வெறுமனே நின்றால்? பூட்ஸைப் போட்டேன். கழற்றினேன்.

மார்ச் 14

சாப்பிட்டதாம். பாதி வாளி.

சந்தோஷம்தானே படவேண்டும்? ஏன் இப்படி வலிக்கிறது?

மார்ச் 20

போனில் அக்காவோடு பேசும்போது சிரித்துவிட்டேன், கொஞ்சம் சத்தமாக. கொட்டில் பக்கம் ஒரு குரைப்பு எழுந்தது. உடனே வாயைப் பொத்திக்கொண்டேன். சொந்த வீட்டில் திருடியைப்போல நடமாடுகிறேன்.

மார்ச் 29, சனி

புதிய குழு இன்று கிளம்பியது. நான்கு பேர், யாரையும் எனக்குத் தெரியாது. சமையலறையிலேயே இருந்தேன். ஓஷில்ட் கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"அம்மா, வெளிய வா. படிக்கட்டுல நின்னு கனேலைக் கூப்பிடு."

"இப்பவா? எதுக்கு?"

"நடு ஏரியில தெரிஞ்சுக்கறதைவிட முற்றத்துல தெரிஞ்சுக்கறது மேல். திரும்பிச்சுன்னா அவிழ்த்துக் கட்டிப் போட்டுட்டுப் போறேன்."

வெளியே வெயில். எட்டு நாய்களும் வாரில் துள்ளிக்கொண்டிருந்தன. கனேல் முன்னால், முதுகை என் பக்கம் காட்டியபடி. அதன் வலது தோளில் முடி கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது, யாராவது கவனித்தார்களா? ஓஷில்ட் வண்டியில் ஏறிக் கைப்பிடியைப் பிடித்தாள். ஒட்வார் கட்டுக்கம்பத்துப் பக்கம் நின்று தாடியைச் சொறிந்துகொண்டிருந்தார்.

மெதுவாகக் கூப்பிட்டுவிடலாமா என்று தோன்றியது. கேட்காத அளவுக்கு. யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படிச் செய்தால் ஏரியில் அவளைக் காப்பாற்றப்போவது யார்?

முழுக் குரலில் கூப்பிட்டேன்.

"கனேல்!"

அதன் ஒரு காது என் பக்கம் மடங்கியது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றது. தலை திரும்பவில்லை.

"போலாம்," என்றாள் ஓஷில்ட், சாதாரணமாக, பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வதுபோல. கொக்கியைப் பிடுங்கினாள்.