பல்பு இல்லாத ஆயில் லைட்

மச்சானுக்கு,

கிழித்துப் போடுவதானாலும் ஒருதடவை படித்துவிட்டுக் கிழி.

நம் பழைய லாரியின் டேஷ்போர்டைக் கழற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். உன் அக்கா கண்ணை மூடிய பிறகு பொழுது நகர மறுக்கிறது. சாப்பாட்டு மேஜையில் பரப்பிவைத்து ஒயர்களைத் துடைப்பதும் மீட்டர்களைச் சரிபார்ப்பதுமாக இருக்கிறேன். இன்று காலை, ஆயில் குறைந்தால் எரிகிற சிவப்பு லைட்டின் பின்பக்கத்தைத் திறந்தேன். ஹோல்டர் இருக்கிறது, பல்பு இல்லை.

பார்த்ததுமே ஞாபகம் வந்துவிட்டது. ஸ்பீடு மீட்டரின் பல்பு போனபோது, புதிது வாங்கக் கஞ்சப்பட்டு, இதைப் பிடுங்கி அங்கே மாட்டியவன் நான்தான். எப்போதாவது எரிகிற லைட்தானே என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லவுமில்லை.

ஆயில் வற்றி இன்ஜின் எரிந்துபோன அன்று, "சத்தியமா லைட் எரியல மாமா" என்றாய். லோடுமேன்கள் முன்னால், "தூங்கிக்கிட்டே ஓட்டிட்டு லைட்டு மேல பழி போடுறியாடா?" என்று கேட்டுச் சாவியைப் பிடுங்கினேன். அதோடு நீ இந்த வீட்டுப் படி ஏறவில்லை.

"அவன் பொய் சொல்ல மாட்டாங்க. ஒருதடவை கழட்டித்தான் பாருங்களேன்" என்று ஒன்பது வருஷம் கேட்டாள் உன் அக்கா. "ஆமாம், உன் தம்பி யோக்கியன், நான்தான் அயோக்கியன்" என்று நக்கலடித்தேன்.

அந்த லோடுமேன்களில் மூன்று பேர் இன்னும் நம்மிடம்தான் வேலை பார்க்கிறார்கள். மதியம் கூப்பிட்டு, காலி ஹோல்டரைக் காட்டி, தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். இப்போது உனக்கும் சொல்லிவிட்டேன்.

அவளுக்குச் சொல்லத்தான் ஆறு மாதம் பிந்திவிட்டேன்.

உன் அக்கா புருஷன்